கிரே கோஸ்ட் ஸ்ட்ரீமர்: இறக்கை புரள்வதும் விரிவதும் எதனால்?

#1 வெள்ளோடை

தூண்டில் முள்ளில் இறகும் நூலும் கட்டிச் செய்யும் செயற்கை இரைதான் ஃப்ளை; சிறு மீன் போலத் தெரியும் நீள வகை ஸ்ட்ரீமர். அதில் ஒன்றான கிரே கோஸ்ட் கட்டுவதில் மூன்று இடங்களில் தட்டுகிறது. முள் மஸ்டாட் 94720, 4ஆம் எண், 8எக்ஸ் நீளம் (வழக்கத்தைவிட நீண்ட தண்டு). நூல் கறுப்பு, 6/0 பருமன்.

1. இறக்கைக்கான நான்கு சாம்பல் சாடில் இறகுகளையும் (சேவலின் பின்முதுகு இறகு) முள்ளின் தண்டின் மேல் வைத்து நூலை இறுக்கினால் இறகுக் காம்பு உருண்டு, இறக்கை எதிர்ப்பக்கம் சாய்கிறது.
2. சாயாமல் நின்றாலும் தலையை ஒட்டிய இடத்தில் இரு பக்கமும் வெளியே விரிந்து, மேலிருந்து பார்த்தால் ஒரு கவை போலத் தெரிகிறது.
3. ஆரஞ்சு ஃப்ளாஸ் (முறுக்கில்லாத பட்டு இழை) உடல் நனைந்ததும் அழுக்குப் பழுப்பாகிறது.

பக்கவாட்டில் ஒன்று, மேலிருந்து ஒன்று என்று இரண்டு படங்கள் இணைத்திருக்கிறேன். எங்கே பிழை?

#2 பீலிமுடிச்சு

படம் பார்த்தேன். மூன்றாவது கேள்வியில் தொடங்குகிறேன், கட்டும்போது உடல்தான் முதலில் வருகிறது.

ஃப்ளாஸ் நனைந்தால் கண்ணாடி மாதிரி ஆகிவிடும்; அடியில் என்ன நிறம் இருக்கிறதோ அதுதான் வெளியே தெரியும். நீங்கள் கறுப்பு நூலின் மேல் சுற்றியிருக்கிறீர்கள். உடல் முடியும்வரை வெள்ளை நூல்தான் போட வேண்டும். இறக்கைக்கு வரும்போது வெள்ளையை முடிச்சிட்டு வெட்டி, கறுப்பைத் தொடங்குங்கள். சுற்றுவதற்கு முன் கையை சோப்பு போட்டுக் கழுவிக் காய வைக்க வேண்டும். விரல் எண்ணெய் பட்ட ஃப்ளாஸ் காய்ந்த நிலையிலேயே திட்டுத் திட்டாக இருக்கும்.

ஃப்ளாஸை முன்பக்கம் கட்டி, பின்னால் சரிகைப் பட்டைவரை சுற்றிப்போய், அதே இழையால் திரும்ப முன்னுக்கு வாருங்கள். இரண்டே அடுக்கு. முறுக்கு ஏறினால் கயிறாகிவிடும், அதனால் சில சுற்றுக்கு ஒருமுறை முறுக்கைக் கழற்றித் தட்டையாக்க வேண்டும். வெள்ளிச் சரிகையை ஃப்ளாஸுக்கு முன்பே தண்டின் அடிப்பக்கத்தில் கட்டி வைத்துவிடுங்கள். பிறகு அதை ஃப்ளாஸின் மேல் சுற்ற வேண்டும்: 8எக்ஸ் முள்ளுக்கு ஆறு முதல் எட்டுச் சுற்று, சம இடைவெளியில்.

இப்போது விரியும் இறக்கைக்கு வருவோம். மேலிருந்து எடுத்த படத்தில் ஃப்ளாஸ் முடியும் இடத்தையும் தலை தொடங்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே ஒரு படி இருக்கிறது. மான்வால் முடியின் அடிமுனைகளை ஒரே இடத்தில் குத்தாக வெட்டி, அதன் மேல் நூலைக் குவித்திருக்கிறீர்கள். இறகுக் காம்பு அந்த மேட்டில் ஏறி இறங்கும்போது, காம்பின் முன்முனை உள்ளே அழுந்த அழுந்தப் பின்பாகம் வெளியே தள்ளப்படும். எவ்வளவு இறுக்கினாலும் சரியாகாது. இறுக்க இறுக்க இன்னும் விரியும்.

முடியைச் சரிவாக வெட்டுங்கள், கத்தரியைத் தண்டோடு ஒட்டிப் படுக்க வைத்து. பிறகு இறக்கை உட்காரும் இடம் உடலின் பருமனுக்குச் சமமாக இருக்கும்படி நூலால் வழவழப்பாக நிரப்புங்கள். இறக்கையைக் கையில் எடுப்பதற்கு முன்பே அது ஒழுங்காக உட்காருமா என்பது தீர்மானமாகிவிடுகிறது.

#3 சாம்பல்_சாடில்

பீலிமுடிச்சு சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். இறக்கையை ஏன் தண்டின் *மேல்* கட்டுகிறீர்கள்? கிரே கோஸ்ட் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்து ரேஞ்ச்லி ஏரிப் பகுதியின் ஃப்ளை. அதை உருவாக்கிய கேரி ஸ்டீவன்ஸ் இறக்கைகளைத் தண்டின் இரு *பக்கமும்* பொருத்துவார். அந்தப் பாணியின் உயிரே அதில்தான் இருக்கிறது. பக்கவாட்டில் வைத்த இறகு உடலைப் பாதி மறைத்துத் தாழ உட்காரும். நீரில் இழுக்கும்போது முழு ஃப்ளையும் ஒரே மெல்லிய மீன் உருவமாகச் சுருங்கும். அது காட்ட வேண்டியது ஸ்மெல்ட் என்ற சிறு மீனை. மேலே கட்டிய இறக்கை அந்த உருவத்தைத் தராது, உடல் தனியாகவும் இறக்கை தனியாகவும் தெரியும்.

புரள்வதற்குக் காரணம் நூலின் திசை. வலது கைக்காரர் சுற்றும் நூல் மேலே போய், எதிர்ப்பக்கம் இறங்கி, அடியில் புகுந்து, நம் பக்கம் ஏறும். தண்டின் மேல் வைத்த எதையும் அது எதிர்ப்பக்கம் தள்ளும். பக்கவாட்டில் வைத்தாலும் தள்ளும், ஆனால் கணக்குத் தெரிந்த மாதிரி: எதிர்ப்பக்க இறக்கை கீழே இறங்கும், நம் பக்க இறக்கை மேலே ஏறும். ஆகவே எதிர்ப்பக்க இறக்கையை வேண்டிய இடத்துக்குச் சற்று மேலேயும், நம் பக்கத்து இறக்கையைச் சற்றுக் கீழேயும் வையுங்கள். முதல் இரண்டு சுற்று தளர்வாக, மூன்றாவதில்தான் இறுக்கம். விரல் பிடி அதுவரை விலகக் கூடாது.

நூலையும் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். சுற்றச் சுற்ற நூலில் முறுக்கு ஏறும். பாபினை (நூல்கண்டைப் பிடிக்கும் கருவி) தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுழற்றினால் முறுக்கு கழன்று நாடா போல் விரியும். முறுக்கு நூல் காம்பை ஒரே புள்ளியில் கடித்துச் சுழற்றிவிடும், தட்டை நூல் காம்பின் மேல் பரவி அமரும்.

#4 வெள்ளோடை

நன்றி இருவருக்கும். அப்படியானால் இரண்டு இறகு, தோள், கன்னம் எல்லாவற்றையும் முதலில் ஒட்டிக்கொண்டு ஒரே துண்டாகக் கட்ட வேண்டுமா? எந்தப் பசை? காம்பின் அடியில் தூவியை (காம்பின் இருபக்க இழைகள்) முழுக்க உரித்துவிடலாமா?

#5 சாம்பல்_சாடில்

ஆமாம், ஸ்டீவன்ஸ் முறை அதுதான். ஒரு பக்கத்துக்கு ஒரு துண்டு. ஒவ்வொன்றிலும் இரண்டு சாடில் இறகு, தோளாக ஒரு வெள்ளி ஃபெசன்ட் பறவையின் உடல் இறகு, கன்னமாக ஒரு ஜங்கிள் காக் (சாம்பல் காட்டுக்கோழிச் சேவல்) கண் இறகு.

இறகுத் தேர்வில் அவசரப்படாதீர்கள். சாடில் தோலின் இடது ஓரத்தில் இருந்து இரண்டு, வலது ஓரத்தில் இருந்து இரண்டு எடுத்தால் வளைவுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக அமையும். மேசையில் வைத்துப் பாருங்கள்: நுனி சற்றுக் கீழ்நோக்கிச் சாய வேண்டும், பளபளப்பான முகம் வெளியே இருக்க வேண்டும். மேல்நோக்கி வளைந்த காம்பை எந்தப் பசையும் திருத்தாது, அதை ஒதுக்கிவிடுங்கள். நுனிகளைச் சமமாக்கிய பிறகு நீளம் அளக்க வேண்டும். முள்ளின் வளைவைத் தாண்டி, முள் வாயின் (தண்டுக்கும் முள் நுனிக்கும் உள்ள இடைவெளி) அகலம் அளவுக்கு நீண்டால் போதும். தோள் இறகு இறக்கை நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஜங்கிள் காக் இறகின் கண் தோளின் நடுக்கோட்டில் கிடக்க வேண்டும். மேலே ஏறினால் ஃப்ளை முகத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பது போலாகும்.

பசை ரப்பர் வகையாக, காய்ந்த பின் வளையக்கூடியதாக இருக்கட்டும். குண்டூசி முனையில் எடுத்து, காம்பின் மேல் மட்டும், கட்டும் இடத்தில் இருந்து 3 முதல் 4 மி.மீ. நீளத்துக்குத் தடவுங்கள். சூப்பர் குளூ வேண்டாம். அது தூவி வழியே ஊறிப் பரவும், வெள்ளை படியும், காய்ந்தால் கண்ணாடி போல் உடையும். முதலில் இரண்டு சாடிலை ஒட்டி, அவை பிடித்த பிறகு தோள், கடைசியில் கன்னம். மெழுகுத்தாளின் மேல் வைத்து முழுதாகக் காய விடுங்கள். ஈரப் பசையோடு கட்டினால் நூல் இறுகும்போது அடுக்குகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும்.

இடது, வலது என்று இணை இணையாகவே செய்து வையுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் நிறையச் செய்துவிட்டால் மறுபக்கத்துக்கு அதே வளைவும் அகலமும் உள்ள இறகு தேடுவது பெரும்பாடு.

#6 பீலிமுடிச்சு

தூவி உரிப்பதில் எனக்கு வேறு கருத்து. காம்பை மொட்டையாக உரித்தால் அது வழவழவென்று உருண்டையாக நிற்கும்; நூலுக்குப் பிடி கிடைக்காது. அடியில் உள்ள பஞ்சுத்தூவியை மட்டும் உரியுங்கள். கட்டும் இடத்தில் தூவியைக் கத்தரியால் ஒரு மி.மீ. விட்டு நறுக்குங்கள். அந்தக் குட்டை முளைகள் நூலைப் பிடித்துக்கொள்ளும், காம்பு உருளாது.

#7 சாம்பல்_சாடில்

தனித்தனி இறகாகக் கட்டினால் நீங்கள் சொல்வது சரி. ஒட்டிய துண்டில் மூன்று நான்கு காம்புகள் சேர்ந்து ஏற்கெனவே தட்டையாகிவிடும், அதில் முளைகளும் இருந்தால் தலை பருத்துப்போகும். ஒட்டிய துண்டுக்கு உரித்த காம்பு, அதைப் பல்லில்லாத இடுக்கியால் ஒருமுறை நசுக்கித் தட்டையாக்குவது, இதுதான் என் வழி. ஆனால் நசுக்குவது மெல்ல இருக்க வேண்டும். காம்பு நீளவாக்கில் பிளந்தால் அந்த இறகை எறிந்துவிடுங்கள், அது ஒருநாளும் நேராக நிற்காது.

#8 பீலிமுடிச்சு

ஒப்புக்கொள்கிறேன், தலை சிறிதாக வேண்டும் என்றால் நசுக்குவதே மேல். வெள்ளோடை, அடிவயிற்றையும் கவனியுங்கள். உங்கள் படத்தில் வெள்ளை மான்வால் முடி மிகவும் அதிகம். 4ஆம் எண் முள்ளுக்கு 15 முதல் 20 முடி போதும். வரிசை இப்படி: தண்டின் அடியில் நான்கு முதல் ஆறு மயில் பீலி இழை, அதன் கீழே வெள்ளை முடி, இரண்டும் வளைவைத் தாண்டி நீளும். அதற்கும் கீழே தொண்டையாக ஒரு பொன் ஃபெசன்ட் கொண்டை இறகு, தோள் இறகின் நீளம், உட்குழிவு உடலைப் பார்த்தபடி. தண்டின் மேலே இன்னொரு கொண்டை இறகு, இறக்கை நீளத்துக்கு, அதுவும் உடலைத் தழுவும் வளைவில். பீலியை மேல்பக்கம் இறக்கைக்கு அடியில் வைப்பவர்களும் உண்டு. அடியில் வைத்தால் வெள்ளை வயிற்றுக்கும் ஆரஞ்சு உடலுக்கும் இடையே ஒரு இருண்ட கோடு விழும், எனக்கு அது பிடிக்கும்.

மான்வாலின் அடிப்பகுதி முடி உட்குழாய் அதிகம் உள்ளது, நூல் பட்டதும் விரியும். நுனிப் பக்கத்தில் இருந்து எடுங்கள். சீப்பால் வாரி, அடியில் கலந்திருக்கும் குட்டை முடியை எடுத்துவிட்டுக் கட்டுங்கள்.

#9 நுவரெலியா_நீரோட்டம்

இந்தப் பக்கம் இலங்கையின் ஓட்டன் சமவெளி ஓடைகளில் இருப்பது வானவில் ட்ரவுட், ஓடைகளும் ஒடுக்கம். மெய்ன் ஏரிகளில் படகில் பின்னால் இழுத்துக்கொண்டு போகும் நீள ஸ்ட்ரீமரை இங்கே கையால் வீசினால் இறக்கை முள் வளைவில் சுற்றிக்கொள்ளும். அப்படிச் சுற்றிய ஃப்ளை பக்கவாட்டில் சுழன்று வரும், மீன் திரும்பிக்கூடப் பார்க்காது.

வீசுவதற்குக் கட்டுகிறவர்களுக்கு: 8ஆம் எண், 4எக்ஸ் அல்லது 6எக்ஸ் நீளம். இறக்கை முள் வளைவின் பின்விளிம்போடு நிற்கட்டும், தாண்ட வேண்டாம். பக்கத்துக்கு ஒரு சாடில் போதும். காம்பு விறைப்பாக உள்ள இறகைத் தேர்ந்தெடுங்கள். நுனியைப் பிடித்து ஆட்டினால் வளைந்து உடனே நேராக வேண்டும். அடியில் உள்ள முடி இறக்கைக்குத் தாங்கலாக இருப்பதால் அதை இறக்கையைவிடக் குட்டையாக்காதீர்கள். கட்டி முடித்ததும் நூலில் தொங்கவிட்டு ஒரு வாளித் தண்ணீரில் இழுத்துப் பாருங்கள். நேராக வந்தால் ஓடைக்குக் கொண்டுபோகலாம். சுழன்றால் ஒரு பக்க இறக்கை உயர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

#10 வெள்ளோடை

வாளிச் சோதனை செய்து பார்க்கிறேன். இன்னும் இரண்டு. பொன் ஃபெசன்ட் கொண்டை இறகு முறுக்கிக்கொண்டே வருகிறது, நேராக்க வழி உண்டா? ஜங்கிள் காக் இறகு எங்கே வாங்குவது? அது நம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பறவைதானே, கோத்தகிரிப் பக்கம் யாரிடமாவது கிடைக்குமா?

#11 குறிஞ்சிக்காடு

கோத்தகிரியில் கேட்கவே வேண்டாம், இதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜங்கிள் காக் என்பது நம் சாம்பல் காட்டுக்கோழிச் சேவல். தென்னிந்தியாவின் காடுகளில் வாழும் பறவை. கழுத்து இறகின் நுனியில் தூவிகள் ஒன்றாகி, மெழுகு பூசிய மாதிரி வெள்ளையும் மஞ்சளுமாகப் புள்ளி விழும். அந்தப் புள்ளிக்காகத்தான் நூற்றாண்டுக்கு மேலாக உலகம் முழுக்க ஃப்ளை கட்டுகிறவர்கள் இதைத் தேடினார்கள். கழுத்துத் தோல் கப்பல் கப்பலாகப் போனது இங்கிருந்துதான். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இது பாதுகாக்கப்பட்ட பறவை. பிடிப்பதும் விற்பதும் குற்றம். யாராவது 'காட்டில் கிடந்தது' என்று நீட்டினாலும் வாங்காதீர்கள். மழைக்காலத்தை ஒட்டிச் சேவல் இந்தக் கழுத்து இறகை உதிர்த்துவிட்டு, புள்ளியில்லாத கறுப்பு இறகோடு இருக்கும். அதனால் கண் இறகு நிறைந்த முழுக் கழுத்துத் தோல் ஒருவர் கையில் இருந்தால் அது உதிர்ந்ததைப் பொறுக்கியது அல்ல, கொன்று எடுத்தது.

மயில் பீலி விஷயம் வேறு. தானாக உதிர்ந்த தோகைக்கு உள்நாட்டில் விலக்கு உண்டு, வெளிநாட்டுக்கு அனுப்பத்தான் முடியாது.

இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் விற்கும் ஜங்கிள் காக் பண்ணையில் கூட்டில் வளர்த்த பறவைகளுடையது. அங்கே வாழ்பவர்கள் பண்ணை ஆதாரம் உள்ள கடையில் வாங்கலாம். இந்தியாவில் இருந்துகொண்டு கட்டுகிறவர்கள் மாற்று இறகு பயன்படுத்துவதுதான் முறை. கறுப்புக் கோழியின் சிறிய கழுத்து இறகை எடுத்து, மெல்லிய வார்னிஷில் ஒருமுறை தோய்த்து, இரு விரலால் உருவி ஒடுக்கமாக்கிக் காய வையுங்கள். குண்டூசித் தலையால் வெள்ளை எனாமல் புள்ளி, காய்ந்ததும் அதற்குக் கீழே மஞ்சள். கின்னிக்கோழியின் புள்ளி இறகையும் இப்படி வார்னிஷ் இட்டுப் பயன்படுத்தலாம். மீனுக்கு வேண்டியது தலைப்பக்கம் பளிச்சென்று ஒரு கண். அது எந்தப் பறவையின் இறகு என்று அது கேட்பதில்லை.

#12 சாம்பல்_சாடில்

குறிஞ்சிக்காடு சொன்னதை முழுதாக ஆதரிக்கிறேன். தோளுக்கும் மாற்று உண்டு: வெள்ளி ஃபெசன்ட் கிடைக்காவிட்டால், மெல்லிய சாம்பல் கோடு உள்ள ஆண் வாத்தின் விலா இறகு.

பண்ணை ஜங்கிள் காக் வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. கண் பிளந்த இறகை வீணாக்காதீர்கள். பின்பக்கத்தில் மெல்லிய வளையும் சிமெண்ட் ஒரு துளி இட்டு, விரலால் முன்னோக்கி உருவினால் பிளவு மூடும். முன்பக்கம் தடவினால் பளபளப்பு மாறி ஒட்டு தெரியும்.

கொண்டை இறகுக்கு: வெந்நீரில் நனைத்து, கண்ணாடிக் குவளையின் வெளிப்பக்கத்தில் வேண்டிய வளைவில் ஒட்டி வையுங்கள். காய்ந்ததும் அதே வளைவில் உரிந்து வரும். குவளையின் விட்டம் இறக்கையின் வளைவுக்குப் பொருந்த வேண்டும். கட்டும் இடத்தில் காம்பை நசுக்க மறக்காதீர்கள், கொண்டைக் காம்பு மற்றவற்றைவிட அதிகம் உருளும்.

#13 ஏரிக்கரை

வரலாறு பற்றி யாரும் சொல்லவில்லையே என்று எழுதுகிறேன். 1924 ஜூலை 1 அன்று மெய்னில் மூஸ்லுக்மெகண்டிக் ஏரி நீர் வெளியேறும் அப்பர் டாம் என்ற இடத்தில், கேரி ஸ்டீவன்ஸ் தாமே கட்டிய ஸ்ட்ரீமரால் 6 பவுண்டு 13 அவுன்ஸ் புரூக் ட்ரவுட் பிடித்தார். ஃபீல்ட் அண்ட் ஸ்ட்ரீம் இதழின் போட்டியில் அதற்கு இரண்டாம் பரிசு. கிரே கோஸ்ட் பிறந்த நாள் என்று பலரும் சொல்வது இதைத்தான்.

#14 பீலிமுடிச்சு

மீனும் பரிசும் சரி. ஆனால் அன்று நூலில் இருந்தது இன்று நாம் கட்டும் கிரே கோஸ்ட்தானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அதற்கு முந்திய வடிவம் ஒன்று, ஷாங்ஸ் கோ-கெட்-எம் என்று பெயர் பெற்றது, அதுதான் அன்றைய ஃப்ளை என்று ஆய்ந்து சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஷாங் என்பது ஸ்டீவன்ஸுக்கு ஊக்கம் கொடுத்த சார்ல்ஸ் வீலரின் செல்லப்பெயர்.

நமக்குப் பயன்படும் செய்தி வேறு. ஸ்டீவன்ஸ் வைஸ் (முள்ளைப் பிடித்து நிறுத்தும் கருவி) இல்லாமல், முள்ளைக் கையில் பிடித்தே கட்டியவர். ஒரு கையில் முள்ளும் மறு கையில் நூலும் இருக்கும்போது எட்டு இறகுகளைத் தனித்தனியாக ஒழுங்குபடுத்துவது எளிதல்ல. இறக்கையை முன்பே ஒட்டித் துண்டாக்கி வைக்கும் முறை அந்த வேலைக்கு எவ்வளவு பொருந்துகிறது என்று யோசித்துப் பாருங்கள். வைஸ் உள்ள நமக்கும் அது உதவுகிறது, ஏனென்றால் கட்டும் நேரத்தில் கவனிக்க வேண்டியவை எட்டில் இருந்து இரண்டாகக் குறைகின்றன.

#15 வெள்ளோடை

வெள்ளை அடிநூல், சரிவாக வெட்டிய முடி, ஒட்டிய துண்டு, பக்கவாட்டுப் பொருத்தம் எல்லாம் செய்து புதுப் படம் போட்டிருக்கிறேன். விரிவு நின்றுவிட்டது. ஆனால் நம் பக்கத்துத் தோள் இறகு உடலோடு ஒட்டாமல் தூக்கி நிற்கிறது. தலையும் முள்ளின் கண்ணை (தூண்டில் நூல் கோர்க்கும் துளை) நெருங்கிவிட்டது.

#16 சாம்பல்_சாடில்

உருவம் வந்துவிட்டது, பாருங்கள். தோள் தூக்குவதற்குக் காரணம் நூலின் கடைசிச் சுற்றுகள் பசை உள்ள இடத்தைத் தாண்டிப் பின்னால் போனது. தூவி தொடங்கும் இடத்தில் ஒரு சுற்று விழுந்தாலும் தோள் வெளியே எழும். அந்தப் பக்கத்தில் நூலை இரண்டு சுற்றுப் பிரித்து, சற்று முன்னே தள்ளி மறுபடி கட்டுங்கள். துண்டை அவிழ்க்க வேண்டாம்.

தலைக்கு இடம் உடல் கட்டும்போதே ஒதுக்க வேண்டும். இந்தப் பாணியில் தலை நீளமாக, ஒடுங்கிப்போவதாக இருக்கும். 4ஆம் எண்ணுக்கு 5 மி.மீ. விடுங்கள். அதிலும் கண்ணுக்குப் பின்னால் வெறும் தண்டு ஒரு மி.மீ. தெரிய வேண்டும். இல்லாவிட்டால் வார்னிஷ் கண்ணை அடைத்துவிடும்.

ஸ்டீவன்ஸ் ஃப்ளைகளின் தலையில் வரும் சிவப்புப் பட்டைக்கு: கறுப்பு நூலை விப் ஃபினிஷ் (நூல் நுனியைச் சுற்றுகளுக்கு அடியில் பூட்டும் முடிச்சு) போட்டு வெட்டிவிடுங்கள். தனியாக ஒரு சிவப்பு நூலைத் தலையின் நடுவில் மூன்று நான்கு தட்டைச் சுற்றாகச் சுற்றி, நுனியை ஒரு நூல் கண்ணி வழியே அடியில் இழுத்து முடியுங்கள். முடிச்சு போட்டால் மேடு தெரியும். பிறகு மெல்லிய வார்னிஷ் மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் முழுதாகக் காய்ந்த பிறகு. முதல் பூச்சு நீர்த்ததாக இருக்கட்டும், நூலுக்குள் ஊறுவது அதுதான். தோள் இறகின் அடியை வார்னிஷ் தொட்டால் தூவி கறுத்து ஒட்டிக்கொள்ளும். ஊசி முனையால் மட்டும் பூசுங்கள்.

#17 நுவரெலியா_நீரோட்டம்

காய வைக்கும்போது முள் வளைவில் மாட்டித் தலை கீழாகத் தொங்கவிடுங்கள், வார்னிஷ் இறக்கைப் பக்கம் வழியாது. பெட்டியில் வைக்கும்போது இறக்கை மூடியில் இடிக்காத அளவு ஆழம் இருக்க வேண்டும். மடிந்துபோன சாடிலைக் கெண்டி மூக்கு நீராவியில் சில வினாடி காட்டினால் நேராகும், ஒட்டிய பசைமேல் மட்டும் ஆவி நேராகப் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.